புலியைப் படிப்பதும் வைரஸைப் படிப்பதும்

2021 ஜூன் மாதத் தொடக்கத்தில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். கொரோனா இரண்டாம் அலை, ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள். அதற்கு நடுவில் சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, இருமுகின்றன என்று பூங்கா ஊழியர்கள் கவனித்து, மாதிரி எடுத்து, போபாலில் இருக்கும் விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 9 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு ஆண் சிங்கமும் போய்விட்டது. அதற்கப்புறம் வந்த ஒரு சின்னச் செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. 4 சிங்கங்களிடம் கிடைத்த வைரஸின் ஜீனோமை, அதாவது அதன் மொத்த மரபணுத் தொகுப்பை, முழுசாகப் படித்துப் பார்த்தார்கள், நான்குமே டெல்டா வகை.

அந்த நேரத்தில் சென்னையில் மனிதர்களிடம் பரவிக்கொண்டிருந்ததும் டெல்டாதான். அதாவது வைரஸ் காட்டிலிருந்தோ வேறு விலங்கிடமிருந்தோ வரவில்லை, பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் கூண்டுக்குள் போயிருக்கிறது. இது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது: ஊழியர்களுக்குப் பரிசோதனை, தடுப்பூசி, சிங்கத்துக்கு இறைச்சி வைப்பவர் வேறு கூண்டுக்குப் போகாமல் இருப்பது. முதுமலை தெப்பக்காடு முகாமில் இருந்த 28 யானைகளுக்கும் அப்போது மாதிரி எடுத்தார்கள். பாகன் சொன்னதும் யானை படுத்துக்கொண்டு தும்பிக்கையை நீட்டிய படங்கள் பேப்பரில் வந்தன. நல்லவேளை, எந்த யானைக்கும் தொற்று இல்லை.

நான் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் சீக்வென்சிங் (ஜீனோமை எழுத்து எழுத்தாகப் படிப்பது) தரவைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் வேலை மனிதர்களைப் பற்றியது, பரம்பரை நோய்கள். காட்டு விலங்கு பக்கம் தொழில்ரீதியாக எனக்குச் சம்பந்தமில்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்தது கூடலூர். அப்பா டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், யானை வந்துபோகும் வழியைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாங்கள். அதனால் இந்த இரண்டும் சேரும் இடத்தை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்துகிறது. ஒரு விலங்கின் ஜீனோமையும் அந்த விலங்கைத் தாக்கும் கிருமியின் ஜீனோமையும் நாம் தனித்தனி அலுவலகத்தில், தனித்தனி பட்ஜெட்டில், ஒருவரையொருவர் கேட்காமல் படித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியும்.

முதலில், படிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

காட்டில் ஒரு புலி எச்சம் கிடக்கிறது என்று வையுங்கள். அதை அள்ளி எடுத்துக்கொண்டு வருவதில்லை. குச்சியில் சுற்றிய பஞ்சால் அதன் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, ஒரு சின்னக் குழாயில் இருக்கும் திரவத்தில் போடுகிறார்கள். குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த புலியின் செல்கள் அந்த வெளிப்பூச்சில்தான் இருக்கும். ஆய்வகத்துக்கு வந்ததும் புரதத்தைக் கரைக்கும் ஒரு நொதியைச் சேர்த்து 56 டிகிரிச் சூட்டில் ராத்திரி முழுக்க வைப்பார்கள். காலையில் அதை வடிகட்டிக் கழுவி எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது குழாயின் அடியில் ஒரு சொட்டு. பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், அதில்தான் டிஎன்ஏ இருக்கிறது. ஆனால் அந்தச் சொட்டில் இருப்பதில் பெரும்பங்கு குடல் பாக்டீரியாவுடையது, அப்புறம் அந்தப் புலி தின்ற புள்ளிமானோ கடமானோ, மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான் புலி. அதனால் எச்சத்திலிருந்து முழு ஜீனோமையும் படிப்பது கஷ்டம். குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பிசிஆர் வைத்துப் பெருக்கிப் படிக்கிறார்கள், இது எந்தப் புலி, யாருடைய பிள்ளை என்று சொல்ல அதுவே போதும். முழு ஜீனோம் வேண்டுமென்றால் ரத்தமோ திசுவோ நல்ல நிலையில் கிடைக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்தால் மெஷின் அதைச் சிறுசிறு துண்டுகளாகப் படித்துத் தள்ளும். டிஎன்ஏவில் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகள்தான் மாறிமாறி வரும், ஒவ்வொரு துண்டும் 150 எழுத்துதான் இருக்கும். புலியின் ஜீனோம் கிட்டத்தட்ட 240 கோடி எழுத்து. ஏற்கனவே படித்து வைத்திருக்கும் ஒரு மாதிரிப் புலி ஜீனோமோடு கோடிக்கணக்கான துண்டுகளையும் ஒப்பிட்டு, எது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பொருத்த வேண்டும். அது கம்ப்யூட்டர் வேலை, என்னைப் போன்றவர்களின் வேலை. பொருத்தி முடித்தபின் திரையில் ஒரு இடத்தைத் திறந்து பார்த்தால் துண்டுகள் வரிவரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். எல்லாம் சாம்பல் நிறம், மாதிரியோடு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். மாறியிருக்கும் எழுத்து மட்டும் கலரில் தெரியும். அடுக்கின் மேலிருந்து கீழ்வரை ஒரே பத்தியில் சிவப்பாக ஒரு எழுத்து ஓடினால், தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும் இரண்டுமே மாறியிருக்கின்றன.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் இருக்கும் கரும்புலிகளின் கதை அப்படிப்பட்ட ஒரு எழுத்துதான். அவை முழுக்கக் கறுப்பு கிடையாது. கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து உடம்பை மூடிவிடுகின்றன. பெங்களூர் ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உமா ராமகிருஷ்ணன் குழுவினர் அதன் காரணத்தை 2021இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். டாக்பெப் என்ற மரபணுவில் சி இருக்க வேண்டிய ஒரு இடத்தில் டி. அவ்வளவுதான். வீட்டுப் பூனையின் உடம்பில் கோடு திட்டுத்திட்டாகப் பரவுவதற்கும் இதே மரபணுவில் வரும் மாற்றங்கள்தான் காரணம் என்று முன்பே தெரியும்.

கரும்புலி என்றதும் அழகு, அபூர்வம் என்று படம் பகிர்கிறோம். எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. சிமிலிபாலில் 37 சதவீதப் புலிகள் அந்த நிறத்தில் இருந்தன. வேறு எந்தக் காட்டிலும் அது இல்லை. நந்தன்கானன், ராஞ்சி, நம்ம வண்டலூர் பூங்காக்களில் இருக்கும் கரும்புலிகளுக்கும் சிமிலிபால் புலிகளோடுதான் ரத்த சம்பந்தம். இவ்வளவு அபூர்வமான ஒரு மாற்றம் ஒரு காட்டில் இத்தனை புலிகளிடம் தெரிகிறதென்றால், அங்கே ஒரு சில புலிகளின் வம்சம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, வெளியிலிருந்து புது ரத்தம் வரவேயில்லை என்று அர்த்தம். எங்கள் ஆய்வகத்தில் இதை மனிதர்களிடம் தினமும் பார்க்கிறோம். தாய்மாமன், அத்தை பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்த குடும்பத்தில் ஒளிந்து கிடந்த ஒரு கெட்ட எழுத்து, தாய் பக்கமும் தந்தை பக்கமும் ஒரே மாதிரி வந்து ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிடும். மனிதர்களுக்காவது வெளியில் பெண் எடுக்க வழி இருக்கிறது. நடுவில் ரோடும் சுரங்கமும் ஊரும் வந்துவிட்ட காட்டில் புலி எங்கே போகும்?

அதே குழுவின் இன்னொரு ஆய்வில் ராஜஸ்தானின் ரந்தம்பூர் புலிகளின் ஜீனோமில் நீள நீளமாக, தாய் பக்கமும் தந்தை பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பகுதிகளைக் கண்டார்கள். மிக மோசமான மாற்றங்களில் சில தானாகவே கழிந்துபோயிருந்தாலும், கெடுதல் தரும் மற்றவை தங்கிவிட்டிருக்கின்றன. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு, அதைச் செய்து பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா என்ற பெரிய காட்டுப் பூனைகள் சொற்பமாகிப்போய், வால் நுனி மடங்கி, இதயக் கோளாறோடு பிறந்துகொண்டிருந்தபோது 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகள் ஆரோக்கியமாகப் பிறந்தன, எண்ணிக்கையும் ஏறியது. சிமிலிபாலுக்கும் 2024 கடைசியில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு பெண் புலிகளைக் கொண்டுவந்தார்கள். ஜீனத் கொஞ்ச நாளிலேயே கிளம்பி ஜார்க்கண்ட் போய், அங்கிருந்து மேற்கு வங்கம் போய், டிசம்பர் 29ஆம் தேதி பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எந்தக் காட்டுக்குப் புது ரத்தம் வேண்டும், எங்கிருந்து கொண்டுவரலாம் என்று ஜீனோம் சொல்லும். கொண்டுவந்த புலி அங்கே தங்குமா என்பது அதற்குத் தெரியாது, அந்த இடத்தில் வனக் காவலர்களின் கால்களைத்தான் நம்ப வேண்டும்.

நம் ஊர் யானைகள் பற்றி 2024இல் வந்த ஆய்வை மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய யானைகளை ஜீனோம் வைத்துப் பிரித்தால் ஐந்து கூட்டங்கள் வருகின்றன, அதில் மூன்று தெற்கே இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே ஒன்று. வடக்கிலிருந்து தெற்கே வர வர மரபணு வேறுபாடு குறைந்துகொண்டே வருகிறது. அகத்தியமலைப் பக்கம் இருக்கும் கடைசிக் கூட்டத்தில் 150 யானைகளுக்கும் குறைவு, வேறுபாடும் அங்கேதான் எல்லாவற்றையும் விடக் கம்மி. கூடலூர் யானையும் களக்காடு யானையும் பார்க்க ஒன்றுதான். ஆனால் கோயம்புத்தூர் பக்கம் பிடித்த யானையை இடம் இருக்கிறது என்று தெற்கே கொண்டுபோய் விடுவதும், தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவருவதும் இனிமேல் வெறும் லாரி ஏற்பாடாக இருக்க முடியாது. எந்த யானை எந்தக் கூட்டம் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். யானைக் கணக்கெடுப்பே இப்போது மாறிவிட்டது. 2025 அக்டோபரில் வெளியான கணக்கு சாணத்தில் இருக்கும் டிஎன்ஏவை வைத்து எடுத்தது. 4,065 யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, அதிலிருந்து நாடு முழுக்க 22,446 என்று மதிப்பிட்டார்கள். ஒரே யானையை இரண்டு மாநிலக்காரர்கள் எண்ணிவிடும் பிரச்சனை இதில் இல்லை. முந்தைய கணக்கை விட இந்த எண் குறைவு என்றாலும் எண்ணும் முறையே வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட்டு யானை குறைந்துவிட்டது என்று சொல்லக்கூடாது.

சரி, இதுவரை விலங்கு. கிருமி எங்கே வருகிறது?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஒரு வனவிலங்குப் பூங்காவில் சிவிங்கிப்புலிகளுக்கு (சீட்டா) ஒரு கொரோனா வைரஸ் வந்தது. பூனைகளுக்கு வரும் வகை. அங்கிருந்த சிங்கங்கள் தப்பித்தன, சிவிங்கிப்புலிகளில் சுமார் 60 சதவீதம் செத்தன. ஏன் என்று தேடிப் போனபோது, உறவே இல்லாத இரண்டு சிவிங்கிப்புலிகளுக்கிடையே தோலை மாற்றி ஒட்டினால்கூட உடம்பு அதை அந்நியமாகப் பார்த்து உடனே தள்ளவில்லை என்று தெரிந்தது. நோய் எதிர்ப்பு மரபணுக்கள் அவ்வளவு ஒரே மாதிரி. ஒரு கிருமி ஒன்றை வீழ்த்தக் கற்றுக்கொண்டால் மிச்ச எல்லாவற்றையும் வீழ்த்திவிடும்.

கிர் சிங்கங்களை நினைத்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. உலகத்திலேயே ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டும்தான், 2025 கணக்கில் 891. எண்ணிக்கை நன்றாக ஏறியிருக்கிறது, அதற்கு அந்த ஊர் மக்களையும் வனத்துறையையும் பாராட்ட வேண்டும். ஆனால் அத்தனையும் நூறு வருஷத்துக்கு முன்னால் மிஞ்சிய மிகச் சில சிங்கங்களின் பிள்ளைகள், ஜீனோமைப் பார்த்தால் வேறுபாடு மிகமிகக் குறைவு. 2018 செப்டம்பரில் அங்கே சிங்கங்கள் அடுத்தடுத்துச் சாகத் தொடங்கின, 20க்கும் மேல். முதலில் சண்டை, காயம் என்று பேச்சு அடிபட்டது. புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம் பார்த்தபோது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 68 சிங்கங்களிடமும் 6 சிறுத்தைகளிடமும் இருந்தது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்ற அதே நோய். முழு ஜீனோமையும் படித்ததில், இந்தியாவில் ஏற்கனவே இருந்த வைரஸ் வகையோடுதான் அது ஒட்டிப் போனது. காட்டோர ஊர்களின் நாய்களைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சிங்கத்தின் ஜீனோமைப் பற்றியது, வைரஸின் ஜீனோமைப் பற்றியது, இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எதிர்ப்புச் சக்தியில் அதிக வித்தியாசம் இல்லாத ஒரே கூட்டம், ஒரே வட்டாரத்தில், சுற்றிலும் தடுப்பூசி போடாத நாய்கள். சிங்கங்களில் ஒரு பகுதியை வேறொரு காட்டுக்கு மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் குனோ தயாராக இருந்தது. சிங்கம் இன்னும் போகவில்லை, 2022இல் அங்கே நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலி வந்து இறங்கியது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. சிங்கம் எந்த மாநிலத்தின் பெருமை என்ற சண்டையில் வைரஸுக்கு அக்கறை கிடையாது.

எங்கள் அபார்ட்மெண்டில் பிஇஎல்-லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மாமா ஒருவர் இருக்கிறார், திருவண்ணாமலைப் பக்கம். சாயந்திரம் கீழே உட்கார்ந்து பேசும்போது இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஏம்மா, மனுஷனுக்கே டெஸ்ட் எடுக்கக் காசு இல்லாம அலையறான், புலிக்கும் சிங்கத்துக்கும் இவ்வளவு செலவு பண்ணணுமா?” என்றார். நியாயமான கேள்வி. முதல் மனித ஜீனோமைப் படிக்க 13 வருஷமும் கிட்டத்தட்ட 270 கோடி டாலரும் ஆனது. இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு மனித ஜீனோம் சில பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிகிறது, நாட்கணக்கில் வேலை முடிகிறது. வைரஸ் இன்னும் சல்லிசு, கொரோனா 30,000 எழுத்து, நிபா 18,000 சொச்சம். அவருக்கு நான் சொன்ன பதில் கோழிக்கோட்டுக் கதை.

2018 மே மாதம் கோழிக்கோடு பேராம்பிராவில் நிபா வந்தது, 17 பேர் இறந்தார்கள். முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. அவற்றைப் பிடித்துச் சோதித்தால் வைரஸ் இல்லை. அவை பூச்சி தின்னும் வௌவால்கள். அப்போ வௌவால் காரணமே இல்லை என்று ஒரு பக்கம் வதந்தி, இன்னொரு பக்கம் மரத்தை வெட்டு, எல்லா வௌவாலையும் விரட்டு என்று பயம். அப்புறம் அந்தப் பகுதியில் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துப் பார்த்தபோது சிலவற்றில் வைரஸ் கிடைத்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த நிபாவும் அந்த வௌவால்களின் நிபாவும் 99.7 சதவீதத்துக்கு மேல் ஒன்று. வங்கதேச வகையோடு ஒப்பிட்டால் 96 சதவீதம்தான். ஆக, வைரஸ் வெளிநாட்டிலிருந்து யாரும் சுமந்து வந்ததில்லை, அங்கேயே பழந்தின்னிகளிடம் இருந்திருக்கிறது. இது தெரிந்ததும் மக்களிடம் சொல்ல வேண்டியது தெளிவாகிவிட்டது: வௌவால் கடித்த பழத்தைத் தொடாதே, திறந்த பானையில் இறக்கிய கள்ளைக் குடிக்காதே, நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் முகக்கவசம் போடு. மரத்தை வெட்டச் சொல்ல எந்த அவசியமும் இல்லை. வெட்டினால் வௌவால் கலைந்து வேறு ஊருக்குப் போகும், அலைச்சலில் இன்னும் அதிகமாக வைரஸை வெளியே விடலாம். தமிழ்நாட்டில் வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களே இருக்கின்றன, அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் பயத்தைக் கொடுக்காமல் தகவலைக் கொடுக்க வேண்டும். மாமா கேட்டுவிட்டு, “அப்ப விலங்கைப் பார்க்கறதும் நமக்குத்தான்” என்றார். நமக்கும், அதற்கும், என்றேன்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சமாச்சாரம் கிடையாது. இந்தியாவின் முதல் இரண்டு ஓமிக்ரான் தொற்றுகள் 2021 டிசம்பர் 2ஆம் தேதி அறிவிக்கப்பட்டபோது இரண்டும் கர்நாடகத்தில்தான், சீக்வென்சிங்கில்தான் பிடிபட்டன. 2022இன் முதல் பாதியில் நகரத்தின் 28 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து தண்ணீர் எடுத்து, எந்த வகை பரவுகிறது என்று படித்தார்கள். யாருக்கும் மூக்கில் குச்சி விடவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. 2023இல் பன்னேர்கட்டாவில் 7 சிறுத்தைக் குட்டிகள் பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா நோயில் இறந்தன, அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருந்தும். 2024 டிசம்பரில் நாக்பூரில் ஒரு மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் இறந்தன. இப்படி ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கிருமி எங்கிருந்து வந்தது, ஏற்கனவே தெரிந்த வகையா மாறியதா, இந்த விலங்குக் கூட்டத்தால் அதைத் தாங்க முடியுமா. முதல் இரண்டுக்குக் கிருமியின் ஜீனோம் வேண்டும், மூன்றாவதற்கு விலங்கின் ஜீனோம் வேண்டும். ஆனால் விலங்கு வனத்துறையிடம், மாடும் கோழியும் கால்நடைத் துறையிடம், மனிதன் சுகாதாரத் துறையிடம். மூன்றையும் சேர்க்க நாக்பூரில் ஒரு தேசிய நிறுவனத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டினார்கள், நல்ல ஆரம்பம். என் ஆசையெல்லாம் மாவட்ட அளவில், நீலகிரியிலும் சாமராஜநகரிலும் வயநாட்டிலும், இந்த மூன்று துறை ஆட்களும் ஒரே பட்டியலைப் பார்த்து மாதிரி அனுப்ப வேண்டும் என்பதுதான். மூன்று மாநில எல்லை அங்கே ஒரே காடு.

ஏன் அந்த இடத்தைச் சொல்கிறேன் என்றால், குரங்குக் காய்ச்சல். 1957இல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட நோய், உண்ணி கடித்துப் பரவுவது. பல வருஷம் அந்தப் பக்கமே இருந்தது. 2012 முதல் பந்திப்பூர், வயநாடு, நீலகிரி, கோவா என்று மலை நெடுகப் புதுப்புது இடங்களில் தலைகாட்டியது. அதற்கென்று இருந்த பழைய தடுப்பூசி பலன் தரவில்லை என்று 2022இல் நிறுத்திவிட்டார்கள், புதியது தயாராகும் வேலை நடக்கிறது. இந்த நேரத்தில் உண்ணியிலும் குரங்கிலும் மனிதரிடமும் கிடைக்கும் வைரஸைத் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். நோய் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு நகர்கிறதா, அங்கேயே கண்ணுக்குத் தெரியாமல் இருந்து இப்போதுதான் நாம் பார்க்கிறோமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறுவேறு.

போன வருஷம் கோடையில் அம்மா போன் செய்து, “கண்ணு, எஸ்டேட் மேல்பக்கம் கொரங்கு ஒன்னு செத்துக் கெடக்குது, தேயிலைக்குப் போற புள்ளைங்க அதைத் தாண்டித்தான் போகுதுங்க” என்றார். பக்கத்தில் போக வேண்டாம், நாயையும் மாட்டையும் அந்தப் பக்கம் விட வேண்டாம், ரேஞ்சர் ஆபீசுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இரண்டு இடத்துக்கும் சொல்லுங்கள் என்றேன். பக்கத்து வீட்டுத் தம்பி தூரத்திலிருந்தே செல்போனில் படம் எடுத்து இடத்தோடு அனுப்பினான். அன்று சாயந்திரத்துக்குள் ஆட்கள் வந்து உடலை எடுத்துப் போனார்கள், சுற்றிலும் மருந்தும் தூவினார்கள். குரங்குக் காய்ச்சல் இல்லை என்று அப்புறம் தெரிந்தது. காட்டோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். உயிர் போனதும் உண்ணிகள் அந்த உடம்பை விட்டு இறங்கிச் சுற்றிலும் பரவும், அதனால் கையால் தொடுவதும் இழுத்துப் போடுவதும் கூடாது. வைரஸின் ஜீனோம் எழுதியிருக்கும் ஆர்என்ஏ வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டால் எந்த மெஷினாலும் அதைப் படிக்க முடியாது. கண்ட நேரம், இடம், ஒரு படம், இந்த மூன்றையும் அன்றைக்கே சொல்லுங்கள். காட்டுக்குள் போய் வந்தால் உடம்பில் உண்ணி இருக்கிறதா பாருங்கள், சுகாதார நிலையத்தில் பூசிக்கொள்ளும் எண்ணெய் தந்தால் கை கால் முழுக்கத் தடவிக்கொண்டு போங்கள், காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.